கைதட்டிக்கு நான் பார்த்த வைத்தியம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை என் மகள் வெண்ணிலாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. "நல்ல மார்க்குதான்" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறேன். (முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அதற்கு மேல் ஒன்றுகூட எடுத்து யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை.) அதை உங்களிடம் மட்டும் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் ஒருவன் பெரிய தப்பு ஒன்றைச் செய்கிறான். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. அவன் ரொம்ப நல்லவன். நல்லவனாக இருந்ததால்தான் அத்தனையும் நடந்தது.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். இங்கே சாமை விளையும், புளி காய்க்கும். கடலுக்கும் எங்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. நான் மோட்டார் ரிப்பேரும் வயரிங் வேலையும் செய்கிறவன். கிணற்று மோட்டார் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் ஒருமுறைதான் கடலைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் என் செருப்பை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்படிப்பட்ட ஊருக்கு, மூன்றடி நீளத்தில் ஒரு கடல் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் மாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டாக்டரம்மா. சொந்த ஊர் நாகப்பட்டினம். வீட்டுக்காரர் கப்பலில் வேலை. எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில்தான் குடியிருந்தார். அவர் வந்த ஜீப்பில் பெட்டி படுக்கையைவிடப் பத்திரமாக ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. கூடவே, காற்று அடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பைகளில் சில உயிர்கள் வந்தன.

"கடலப் பாக்காம எனக்கு ஒரு வேலையும் ஓடாது அண்ணா. அதான் கொஞ்சூண்டு கையோட எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

தொட்டிக்கு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தது நான்தான். விளக்கு, தண்ணீரைச் சுழற்றும் மோட்டார், சூடேற்றும் கம்பி எல்லாம் மின்சாரம் போனாலும் ஓட வேண்டும். (எங்கள் மலையில் மின்சாரம் விருந்தாளி மாதிரி. வரும்போது சொல்லாது, போகும்போதும் சொல்லாது.) அந்த வேலையைப் பார்த்துத்தான் டாக்டரம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. பாவம்.

தொட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு மீன்கள் இருந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் நத்தைகள் ஏழெட்டு. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடுகிற ஓர் இறால். அது டாக்டரம்மாவின் விரலிலிருந்தே தீனி வாங்கித் தின்னும். அப்புறம் பவளங்கள். பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது உயிருள்ளது, பிள்ளைகளே. பார்க்கச் செடி மாதிரி இருக்கும். ஆனால் செடி இல்லை, பிராணி. கடலில் பிடுங்கியது இல்லை, தொட்டியிலேயே வளர்த்த மென்மையான வகை என்று டாக்டரம்மா சொன்னார். காளான் மாதிரி சில, பொத்தான் மாதிரி சில.

அவற்றில் ஒன்றுதான் தொட்டிக்கே ராணி. கொத்தாகச் சாம்பல் நிறத் தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் நிறையக் குட்டிக் கைகள். ஒவ்வொரு கையும் விரியும், மூடும், விரியும், மூடும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், நிறுத்தாமல், ஒரு கூட்டமே கை தட்டுகிற மாதிரி இருக்கும். அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வெண்ணிலா அதற்குக் 'கைதட்டி' என்று பெயர் வைத்தாள். டாக்டரம்மாவும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்ததும் டாக்டரம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பினார். முதல் குழந்தை. ஜீப்பில் ஏறுமுன் தொட்டிக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணா, பாப்பா பொறந்து வந்ததும் மொதல்ல இதத்தான் காட்டணும். கைதட்டியப் பாத்துட்டு அதுவும் கை தட்டணும். பத்திரமா பாத்துக்குவீங்களா?"

"இன்னாங்க டாக்டரம்மா இப்பிடிக் கேட்டுட்டீங்க! எங்க வூட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாக்கைத்தான் நான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன்.

செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். காலையில் விளக்குப் போடு, சாயங்காலம் அணை. ஒரு சிட்டிகை தீனி. வெப்பமானியில் இருபத்தாறு இருக்கிறதா பார். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். உப்பு உள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும்தான் போகும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை, கோடு போட்ட இடம்வரை ஊற்று. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து, மூலையில் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பிளாஸ்டிக் கேன்!

எனக்கு அங்கேதான் மனசு உறுத்தியது. பிளாஸ்டிக்கில் வைத்த தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று என் போனுக்கு வாரத்துக்கு இரண்டு தகவல் வரும். செப்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீர் எத்தனை நல்லது என்று வாரத்துக்கு நான்கு வரும். எங்கள் வீட்டில் எல்லோரும் குடிப்பதே செப்புக் குடத்துத் தண்ணீர்தான். அந்தக் குடம் என் மனைவி மல்லிகாவின் அம்மா வீட்டுச் சீர். வாரம் தவறாமல் நம் மலைப் புளியைப் போட்டுத் தேய்ப்பாள். பளபளவென்று முகம் தெரியும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர், டாக்டரம்மா வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தண்ணீரா?

"மல்லிகா, அந்தக் குடத்த நல்லா புளி போட்டுத் தேச்சுக் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"கடலுக்கு."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். (இப்போது இல்லவே இல்லை என்கிறாள்.) தினமும் சாயங்காலம் கேனிலிருந்து குடத்துக்கு மாற்றுவேன். காலையில் குடத்திலிருந்து தொட்டிக்கு ஊற்றுவேன். தினமும் குடத்தைப் புதிதாகப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். தண்ணீர் ஊற்றும்போது "குடிச்சுக்கோம்மா" என்று சொன்னதாகவும் வெண்ணிலா சொல்கிறாள். அது எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் வாரம் நன்றாகப் போனது. டாக்டரம்மா தினமும் ஒரு போட்டோ கேட்பார், நானும் அனுப்புவேன். எட்டாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று கீழே விழுந்து கிடந்தது. தூங்குகிறது என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் இன்னும் இரண்டு தூங்கின. பத்தாம் நாள் காலை விளக்கைப் போட்டுவிட்டு நின்றவன் நின்றபடியே இருந்தேன். கைதட்டி கை தட்டவில்லை. எல்லாக் கைகளும் இறுக மூடி, தண்டுகள் ஒருபக்கம் சாய்ந்திருந்தன. காளான் பவளங்கள் காய்ந்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கியிருந்தன.



சரி, நான் மெக்கானிக். ஓடாத மோட்டாரைப் பிரித்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிறவன். இதையும் கண்டுபிடிப்போம் என்று இறங்கினேன்.

முதல் சந்தேகம் குளிர்மேல். தை மாதத்தில் எங்கள் மலையில் பல் தானாகத் தாளம் போடும். வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்தாறு. சரியாக இருந்தது. ஆனாலும் தொட்டியின் மூன்று பக்கமும் கம்பளி சுற்றினேன். அடுத்த சந்தேகம் விளக்கின்மேல். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று என் துண்டை மேலே போட்டு மறைத்தேன். கம்பளி போர்த்தி, தலையில் துண்டு போட்டு, தொட்டி பார்ப்பதற்குச் சந்தைக்குக் கிளம்பின பெரியவர் மாதிரி இருந்தது. பவளம் அசையவில்லை.

அப்புறம் உப்பு. உப்பின் அளவு பார்க்க டாக்டரம்மா ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவர் அடையாளம் போட்ட இடத்திலேயே நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மல்லிகாவையும் பார்க்கச் சொன்னேன்.

"ரசத்துக்குன்னா அதிகம். ஊறுகாய்க்குன்னா பத்தாது" என்றாள்.

அந்த அளவில் உப்பு ஆராய்ச்சி முடிந்தது.

பக்கத்துக் கொல்லையில் சாமை போடுகிற சின்னசாமி வந்து பார்த்தான். எனக்கு மச்சான் முறை. பயிருக்கு எந்த நோய் வந்தாலும் ஊரில் அவனைத்தான் கேட்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தான்.

"வேர் அழுகல் மச்சான்."

"இதுக்கு வேரே கெடயாதுடா."

"அப்ப மொத்தமா அழுகுது. எப்பப் பாத்தாலும் தண்ணியிலயே போட்டு வெச்சா இன்னா ஆவும்? ரெண்டு நாளு வெளிய எடுத்துக் காயப்போடு."

நல்லவேளை, என் நல்ல மனசு அந்த எல்லைவரை போகவில்லை.

மல்லிகாவுக்கு வேறு சந்தேகம். கடல் பார்க்க வந்த ஊர் ஜனம் அத்தனையும் கண் வைத்துவிட்டது என்றாள். உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் நாங்கள் மூவரும் வாசலில் நின்று இருமினோம். மீன்கள் மட்டும் உள்ளே சௌகரியமாக நீந்திக்கொண்டிருந்தன.

"உப்புத் தண்ணிக்கே உப்பு சுத்துனது நீதாம்மா" என்றாள் வெண்ணிலா.

இத்தனைக்கும் நடுவில் டாக்டரம்மாவின் செய்தி: "போட்டோ அண்ணா?"

"வயித்துல புள்ளயோட கீற பொண்ணுகிட்ட இதப் போயிச் சொல்லப் போறீங்களா? சும்மா இருங்க" என்றாள் மல்லிகா. எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் எடுத்த அழகான போட்டோவையே அனுப்பினேன். மறுநாளும் அதையே. அதற்கு மறுநாளும். ஐந்து நாள் அப்படி ஓட்டினேன். ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொள்வேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது.

சுவர்த் தாளின் கடைசி வரியில், "ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் கால் பங்கு தண்ணீரை மாற்றவும். உப்பை நீல டிரம்மில் கலக்கவும்" என்று இருந்தது. நீல டிரம்மும் பிளாஸ்டிக்தான். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு யாராவது பிளாஸ்டிக்கில் கஞ்சி வைப்பார்களா? செப்புக் குடத்தில் உப்பைக் கரைத்து, ஊறவைத்து, நான்கு குடம் மாற்றினேன். மாற்றி முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தேறிடும்" என்றேன்.

மறுநாள் காலை இறால் ஒருக்களித்துக் கிடந்தது. கைதட்டியின் தண்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தன. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மோட்டார் கழற்றிப் போட்டிருந்த கிணற்றுக்காரர் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். பொய் இல்லை, சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. "அண்ணா, பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கைதட்டிய ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. பாப்பாவுக்குக் காட்டணும்."

போட்டோவைத் திருப்பித் திருப்பி அனுப்பலாம். நின்றுபோன கையை வீடியோவில் எப்படித் தட்ட வைப்பது? தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த வெண்ணிலா பள்ளி நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ப்பா, சயின்ஸ் மிஸ் இப்பிடித்தான் எழுதச் சொல்லுவாங்க. யாரெல்லாம் நல்லா இருக்காங்க, யாருக்கெல்லாம் முடியல, சொல்லு."

"மீனு நல்லாக் கீது."

எழுதினாள்.

"நத்த செத்துப்போச்சு. எறா செத்துப்போச்சு. காளான் முடியல. பொத்தான் முடியல. கைதட்டி…"

நோட்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "ப்பா, எலும்பு இருக்கறவங்க எல்லாம் நல்லா இருக்காங்க. எலும்பு இல்லாதவங்கதான் சாவுறாங்க."

எனக்குப் புரியவில்லை. (முப்பத்தைந்து மதிப்பெண்.) ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பட்டது. குளிரோ வெளிச்சமோ என்றால் மீனை மட்டும் ஏன் விட்டு வைக்கிறது? நோட்டை எடுத்துக்கொண்டு டவர் பாறைக்குப் போனேன்.

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமானால் ஊருக்கு மேலே இருக்கிற அந்தப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். வீட்டுக்குள் செய்தி மட்டும் எப்போதாவது வந்து விழும், பேச்சு வராது. பாறையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் கீழே வரிசையில் நிற்பார்கள். மேலே இருக்கிறவன் கத்திப் பேசுவான், கீழே இருக்கிறவர்கள் உன்னிப்பாகக் கேட்பார்கள். ஊரில் ரகசியம் என்று ஒன்று இல்லாததற்கு அந்தப் பாறைதான் காரணம். அன்று எனக்குப் பின்னால் நான்கு பேர். முதல் ஆள் சின்னசாமி.

"டாக்டரம்மா, ஒடம்பு எப்பிடிங்க கீது? பாப்பா எப்பிடி?"

"நல்லா இருக்கோம் அண்ணா. வீடியோ எங்க?"

"அது வந்துங்க… கைதட்டிக்கு முடியலீங்க."

"எத்தன நாளா?"

"ஆறு நாளாங்க."

"நேத்துகூடப் போட்டோ அனுப்பினீங்களே?"

மலைக்காற்று மட்டும் போனுக்குள் பேசியது.

"அதான் அஞ்சு நாளா ரெண்டு மீனும் ஒரே எடத்துல நின்னுச்சா?" என்றார் டாக்டரம்மா.

கீழே சின்னசாமி சிரித்த சத்தம் கேட்டது. எனக்குக் காது சூடானது. கண்ணை மூடிக்கொண்டு வெண்ணிலாவின் நோட்டை மனப்பாடமாக ஒப்பித்தேன். நத்தை, இறால், காளான், பொத்தான். எலும்பு இருக்கிறவங்க, எலும்பு இல்லாதவங்க. அந்த இடத்தில் அவர் குரல் மாறியது. கன்று போட முடியாத மாட்டுக்கு முன்னால் நிற்கும்போது வருகிற குரல்.

"அண்ணா, தொட்டிக்குள்ள செம்பு, பித்தள ஏதாச்சும் விழுந்துச்சா? ஒயரு, ஸ்க்ரூ, அந்த மாதிரி?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வேலையில ஒரு ஒயரு முன வெளிய தெரியாதுங்க டாக்டரம்மா! செம்புன்னா, தண்ணி புடிச்சு வெக்கிற கொடம் ஒண்ணுதான்."

"எந்தத் தண்ணி?"

"தொட்டிக்கு ஊத்தற தண்ணிதாங்க. தெனமும் புளி போட்டுத் தேச்சு, ராத்திரியெல்லாம் ஊற வெச்சு…" சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. "உப்பையும் அதுலதான் கரைச்சேன்."

எதிர்ப்பக்கம் பாப்பா அழுவது மட்டும் கேட்டது.

"மனுசனுக்கு நல்லதாச்சேங்க" என்றேன்.

"அது பவளம் அண்ணா. மனுசன் இல்ல."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். செம்பு கொஞ்சம் கரைந்தால் மீன் தாங்கும்; நத்தை, இறால், பவளம் தாங்காது. துளி போதும். புளியில் தேய்த்த குடம் இன்னும் வேகமாகக் கரையும், உப்புத் தண்ணீர் அதைவிட வேகமாக. அதாவது, நான் எத்தனை அக்கறையாகத் தேய்த்தேனோ அத்தனை சுத்தமான விஷம். நோய் முற்ற முற்ற, நான் மருந்து என்று அதையே இன்னும் நான்கு குடம் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?" என்று கத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மா, கட்டைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ, யார?" என்றார்.

"ஒரு பூவ" என்றான் சின்னசாமி. "தண்ணி ஊத்தியே கொன்னுட்டான். வேர் அழுகல்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். பிளாஸ்டிக் பக்கெட் இருக்கா அண்ணா?" என்று கேட்டார். அந்தச் சாதாரணக் கேள்விக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் பிறகு ஓட்டம்தான். மல்லிகாவும் வெண்ணிலாவும் கேன் தண்ணீரை நீல டிரம்மில் ஊற்றி உப்புக் கலந்து சூடேற்றினார்கள். கைதட்டியில் உயிர் இருந்த இரண்டே இரண்டு தண்டுகளைக் கல்லோடு எடுத்து பக்கெட்டில் இறக்கினார்கள். நான் ஜீப் பிடித்து ஆலங்காயம் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வாணியம்பாடி போய், வளர்ப்பு மீன் விற்கிற கடையில் டாக்டரம்மா சொன்ன கரியை வாங்கினேன். அடுப்புக்கரி இல்லை, தண்ணீரில் இருக்கும் விஷத்தை இழுத்துக்கொள்ளும் கரி. கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஜவ்வாது மலையில பவளமா?" என்று சிரித்தார். "இப்போதைக்கு இருக்குங்க" என்றேன்.

திரும்பி வந்தபோது, மல்லிகா செப்புக் குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா வூட்டுச் சீரு கொலகாரச் சீராப் போச்சே" என்றாள்.

"கொடம் இன்னா பண்ணும்? ஊத்துனவன் நானு" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் உடனே ஒப்புக்கொண்ட முதல் தப்பு அதுதானாம்.

தொட்டித் தண்ணீரை மூன்று தவணையாக மாற்றினோம். கரியைப் பையில் கட்டித் தண்ணீர் ஓடும் வழியில் வைத்தோம். எல்லாம் முடிந்ததும் பாறை ஏறி, "அடுத்து இன்னாங்க பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க அண்ணா. பத்து நாளு பக்கெட்டத் தொடவே தொடாதீங்க. சூடு மட்டும் வெண்ணிலா பாக்கட்டும். சுருங்கித்தான் இருக்கும், அதப் பாத்து பயந்து எதையும் ஊத்திடாதீங்க. தேறணும்னா தானா விரியும்."

பிள்ளைகளே, நான் பாரம் தூக்கியிருக்கிறேன், கிணற்றில் இறங்கியிருக்கிறேன். அந்தப் பத்து நாள் மாதிரி கஷ்டமான வேலை செய்ததே இல்லை. பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். கை தானாக நீளும். "ப்பா!" என்று எங்கிருந்தோ வெண்ணிலா கத்துவாள். கடைசியில் மல்லிகா பக்கெட்டுக்கு ஐந்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இதுல ஒக்காந்து பாருங்க. எழுந்தா சோறு கெடயாது" என்றாள். உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில்கூட உட்காராத ஒழுங்கில் உட்கார்ந்தேன். ஊரில் ஒவ்வொருவராக வந்து, "பூவுக்கு எப்பிடிக் கீது?" என்று விசாரித்துவிட்டு, பூவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில், ஒரு தண்டின் நுனியில் ஒரே ஒரு கை விரிந்தது. மூடியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி விரிந்தது.

நான் கூப்பிடவில்லை. சத்தம் போட்டால் நிறுத்திவிடுமோ என்று பயம். மல்லிகா தானாக வந்து என் தோளில் கை வைத்து நின்றாள். வெண்ணிலாதான் வீடியோ எடுத்தாள். ஒரு கை மட்டும் தட்டுகிற வீடியோ.

சித்திரை மாதத்தில் டாக்டரம்மா பாப்பாவோடு வந்தார். நான் தொட்டிக்குப் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்றேன். காளான்களில் மூன்று மிஞ்சியிருந்தன. பொத்தான்களில் பாதி. கைதட்டி பழையபடி தொட்டிக்குள் வந்து, நாலைந்து தண்டாகப் பெருகித் தட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் இறால் வழக்கமாக வந்து நிற்கிற மூலையைப் பார்த்தார். விரலைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் நான் இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

பாப்பாவைத் தொட்டிக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அத்தனை கூத்துக்கும் காரணமான அந்தப் பெரிய மனுஷி கைதட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் மீசையைத்தான் பார்த்தாள்.

"ஒங்ககிட்ட வரணுமாம். தூக்குங்க அண்ணா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் தொடலாங்களா?"

"இவளத் தொடலாம் அண்ணா" என்று சொல்லி, என் கையில் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்து தொட்டியோடு கீழே இறங்கிப்போய் இப்போது வெகுநாளாகிறது. எங்கள் வீட்டில் மட்டும் அந்த வைத்தியம் ஓயவில்லை. நான் யாருக்காவது கொஞ்சம் அக்கறை காட்டினால் போதும். காய்ச்சலில் படுத்திருக்கும் மல்லிகாவுக்கு மூன்றாம் தடவை கஷாயம் கொண்டுபோனால், "நாற்காலியில போயி ஒக்காருங்க" என்பாள். ஊரில் கன்றுக்குட்டி சோர்ந்து நின்றால், "மொதல்ல அவன் கண்ணுல காட்டாதீங்கப்பா" என்பான் சின்னசாமி.

இந்த வருஷம் வெண்ணிலாவைப் போளூரில் விடுதியோடு சேர்ந்த பள்ளியில் சேர்த்தோம். பதினொன்றாம் வகுப்பு. விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலமே டவர் பாறையில் ஏறி மூன்று தடவை போன் செய்தேன். சாப்பிட்டியா, போர்வை பத்துமா, தண்ணி நல்லாக் கீதா, நான் வேணும்னா நாளைக்கே வர்றேன். மூன்றாம் தடவை அவள் குரல் கம்மியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கீழே வரிசையில் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

அவள்தான் பேசினாள்.

"ப்பா, இப்ப நான் சுருங்கித்தான் இருப்பேன். அதப் பாத்து நீ பயந்துடாத. பத்து நாளு கழிச்சு வந்து பாரு."

பத்தாம் நாள் முதல் பஸ்ஸில் போளூருக்குப் போனேன். (ஒன்பதாம் நாள்தான். மனசு கேட்கவில்லை.) புதுத் தோழிகளோடு சிரித்துக்கொண்டே விடுதி வாசலுக்கு வந்தவள், என்னைப் பார்த்ததும் விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"ஒரு நாளு முன்னாடியே வந்துட்ட" என்றாள்.

வார்டன் மணி அடிக்கும்வரை, பிடித்த என் கையை மட்டும் அவள் விடவில்லை.